பிரைவேட் நம்பரிலிருந்து அஸ்கான் வரை

2011 செப்டம்பர் 13 இரவு, அரக்கோணத்தை அடுத்த சித்தேரி அருகே சிக்னலுக்காகக் காத்து நின்ற காட்பாடி பாசஞ்சரின் பின்பக்கத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் போய்க்கொண்டிருந்த மின்சார ரயில் மோதியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். முன்னால் ஒரு வண்டி நிற்பது சிக்னலுக்குத் தெரியும், நிலையத்துக்குத் தெரியும். பின்னால் வந்த வண்டியின் பிரேக்குக்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 'கவச்'. தெலங்கானாவில் லிங்கம்பள்ளி–விகாராபாத் பக்கம் சோதித்துப் பார்த்து, 2020-இல் நாட்டின் பொதுவான ரயில் பாதுகாப்பு அமைப்பாக அதை ஏற்றார்கள்.

ஸ்லீப்பர் கட்டைகளில் பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகளைப் படித்து இன்ஜின் தான் நிற்கும் இடத்தை அறிகிறது. ரேடியோ வழியாக நிலையத்துடன் பேசுகிறது. எதுவரை போகலாம் என்ற அனுமதி நிலையத்திலிருந்து வருகிறது. லோகோ பைலட் பிரேக் போடத் தவறினால் கருவியே போட்டுவிடுகிறது. விபத்தைத் தடுக்க இது நல்ல வழி, சந்தேகமில்லை. ஆனால் வண்டியை நிறுத்தவும் ஓட்டவும் சொல்லும் அதிகாரத்தில் ஒரு பங்கு இப்போது ரேடியோ அலையின் கையில் இருக்கிறது. அலைக்கு முகம் கிடையாது. வந்த செய்தி நிலையத்திலிருந்து வந்ததா, தண்டவாளத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வந்ததா என்று இன்ஜினுக்கு யார் சொல்வது?

வீண் பயம் என்று இதைத் தள்ள முடியாது. போலந்தில் 2023 ஆகஸ்ட் 25 இரவு, ஷ்செச்சின் நகரைச் சுற்றி இருபது ரயில்கள் வரை அப்படியே நின்றுபோயின. அங்கே ஆபத்துக் காலத்தில் வண்டிகளை நிறுத்த, 150 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் மூன்று ஒலிகளை வரிசையாக அனுப்புவார்கள். அந்த ஒலிகளை யார் அனுப்பினாலும் வண்டி நிற்கும். ரகசியம், சாவி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் கதை இன்னும் பழையது. அங்கே சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒரு கருவி மாட்டியிருக்கும். இன்ஜின் ரேடியோவில் சொன்னால் அது பின்பக்கத்திலிருந்து பிரேக்கைப் பிடிக்கும். அந்தச் செய்திக்கு இருந்த ஒரே காவல், பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண். ஒரு ஆய்வாளர் 2012-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை வெளியிட 2025 ஜூலை ஆகிவிட்டது. கடைசிப் பெட்டியில் கார்டுக்குப் பதில் வைக்கும் இதே வகைக் கருவியை இந்திய ரயில்வேயும் சோதித்துப் பார்த்திருக்கிறது.

சரிபார்ப்பு எண் இடி மின்னலுக்கும் இரைச்சலுக்கும் எதிரான காவல். இரைச்சலுக்குக் கணக்குத் தெரியாது, ஆகவே பிழை பிடிபட்டுவிடும். வேண்டுமென்றே பொய் சொல்கிறவருக்குக் கணக்குத் தெரியும். பொய்ச் செய்தியை எழுதி அதற்கு ஏற்ற சரிபார்ப்பு எண்ணையும் போட்டே அனுப்புவார். ரயில் சிக்னல் உலகம் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. ஐரோப்பாவின் இ.என். 50159 தரநிலை, வெளியார் புகக்கூடிய செய்தித் தடங்களைத் தனி வகையாகப் பிரித்து, அங்கே குறியாக்க முறைகள் வேண்டும் என்கிறது. கவச் பெற்றிருக்கும் 'சில்–4' என்ற உச்சத் தரம் பழுதுக்கும் வடிவமைப்புப் பிழைக்கும் எதிரானது. எதிராளிக்கு எதிரான பாதுகாப்பை வேறு கணக்கில்தான் பார்க்க வேண்டும். கவச்சில் அந்தக் கணக்கும் உண்டு: இன்ஜினும் நிலையமும் பேசிக்கொள்ளும் செய்திகளைச் சாவி கொண்டு அங்கீகரிக்கிறார்கள், சாவிகளை வழங்கத் தனி மேலாண்மை அமைப்பும் இருக்கிறது.

இங்கே தேவைப்படுவது மறைப்பது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ரயில் எங்கே நிற்கிறது என்பது பிளாட்பாரத்தில் வடை விற்பவருக்கும் தெரியும். அனுப்பியவர் யார், வழியில் யாரும் திருத்தினார்களா, நேற்றைய செய்தியைப் பதிவு செய்து இன்று யாரும் திரும்ப ஒலிபரப்புகிறார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும், அவ்வளவுதான். செய்தியோடு ஒட்டி வரும் ஒரு முத்திரை இதைச் செய்யும். சாவி வைத்திருப்பவரால் மட்டுமே அந்த முத்திரையைக் கணக்கிட முடியும்.

ரயில்வேக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டதாகச் சொல்லி ஒரு 'பிரைவேட் நம்பர்' தருகிறார். அச்சிட்ட தாளில் முன்பின் ஒழுங்கில்லாமல் வரிசைப்படுத்திய இரண்டு இலக்க எண்கள் இருக்கும். ஒன்றைக் கொடுத்ததும் அதை அடித்துவிட்டு, வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும். கொடுத்த எண் மறுமுனைப் பதிவேட்டிலும் ஏறிவிடும். ஒருமுறை பயன்படுத்தி ஒழித்துவிடும் எண், இருபுறமும் பதிவு என்று குறியாக்கக்காரர்கள் இன்றைக்கும் விரும்பும் பண்புகள் இதில் இருக்கின்றன. ஆனால் கேட்பவரிடம் அந்தத் தாளின் நகல் கிடையாது. வந்த எண் சரியானதுதானா என்பதை அவரால் அந்தக் கணத்தில் சோதிக்க முடியாது; பின்னால் விசாரணை வந்தால்தான் ஒத்துப்பார்ப்பார்கள். ஆக, 'நான் சொல்லவில்லை' என்று மறுக்கவிடாமல் கட்டும் சான்று என்றுதான் பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கேட்டை மூடாமலே எண்ணைக் கொடுத்தால் எண் மெய்யாகவும் செய்தி பொய்யாகவும் இருக்கும். எந்தக் குறியாக்கமும் இதற்கு மருந்தாகாது.

சரி, உலகமே பயன்படுத்தும் ஏ.இ.எஸ். இருக்கும்போது தனியாக ஒரு 'இலகுரகக் குறியாக்கம்' எதற்கு? இன்ஜினுக்குள் இருக்கும் கணினிக்குத் தேவையில்லை, ஏ.இ.எஸ். அங்கே தாராளமாக ஓடும். சிக்கல் இன்ஜினுக்கு வெளியேதான். இந்திய ரயில்வேயின் சரக்கு வேகன்களில், ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸின் மேற்பார்வையில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகள் ஒட்டப்படுகின்றன. அந்த டேக்கில் பேட்டரி கிடையாது. தண்டவாள ஓரத்து ரீடர் வீசும் அலையிலிருந்தே அது மின்சாரத்தை உறிஞ்சி, வண்டி கடக்கும் கணத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சென்னை–பெங்களூரு சாலையின் சுங்கச்சாவடியில் வாசிக்கும் ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான். 2022 ஜூனில், ஒரு சிறுவன் காரின் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் ஸ்மார்ட் வாட்சால் ஃபாஸ்டேக்கிலிருந்து பணத்தைத் திருடுவதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. பொய் என்று அதிகாரபூர்வமாகவே மறுத்தார்கள். காரணம் எளிது. டேக் தன் எண்ணை மட்டுமே சொல்கிறது. பணம் நகர்வது அங்கீகாரம் பெற்ற சுங்கச்சாவடி அமைப்புக்கும் வங்கிக்கும் இடையில். பாதுகாப்பு முழுவதையும் பின்னாலுள்ள சர்வரில் ஏற்றியிருக்கிறார்கள். எந்நேரமும் சர்வரோடு தொடர்பில் இருக்கும் சுங்கச்சாவடிக்கு அது போதும். தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் தண்டவாள ஓரத்துக்குப் போதாது; டேக்கே தன்னை நிரூபித்தாக வேண்டும்.

அந்தச் சிறு சிப்பில் இடத்தை 'கேட்' கணக்கில் அளக்கிறார்கள்; இது ரயில்வே கேட் அல்ல, மின்சுற்றின் அடிப்படை அலகு. ஏ.இ.எஸ்.-ஐ 2005-இல் மிகச் சுருக்கி 3,400 கேட் அளவில் செய்து காட்டினார்கள், 2011-இல் 2,400-க்குக் கொண்டுவந்தார்கள். 2007-இல் வந்த பிரசென்ட் என்ற முறைக்கு 1,570 கேட் போதும். அதன் உள்ளே கொஞ்சம் எட்டிப்பார்ப்பது நல்லது, ஏனெனில் பிறகு சொல்லப்போகும் சரிபார்ப்புச் சிக்கல்கள் அங்கேதான் கிளைக்கின்றன.

பிரசென்ட் 64 பிட்களை எடுத்துக்கொண்டு 31 சுற்றுகள் கலக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வேலை. முதலில் சாவியின் ஒரு பகுதியைக் கலக்கிறது. அடுத்து 64 பிட்களையும் நான்கு நான்காகப் பிரித்து, 0 முதல் 15 வரையுள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரு சிறு அட்டவணைப்படி மாற்றுகிறது: 0 வந்தால் 12, 1 வந்தால் 5, 2 வந்தால் 6, 3 வந்தால் 11 என்று போகும் 16 மதிப்புகள். கடைசியில் பிட்களை இடம் மாற்றுகிறது. பிட்டின் இட எண்ணை 16-ஆல் பெருக்கி 63-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் புது இடம். 63-ஆம் பிட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்படி 1-ஆம் பிட் 16-க்கும், 2-ஆம் பிட் 32-க்கும், 3-ஆம் பிட் 48-க்கும், 4-ஆம் பிட் 1-க்கும் போகும். ஒரே அட்டவணையிலிருந்து வெளிவந்த நான்கு பிட்களும் அடுத்த சுற்றில் நான்கு வெவ்வேறு அட்டவணைகளுக்குள் சிதறிவிடும். சிப்பில் இந்த இடமாற்றத்துக்கு ஒரு கேட் கூடச் செலவில்லை. கம்பியை வேறு முனையில் இணைத்தால் முடிந்தது. அதையே சாதாரண மைக்ரோகண்ட்ரோலரில் நிரலாக எழுதினால் பிட் பிட்டாக நகர்த்திக் கஷ்டப்பட வேண்டும். சிப்பில் இலகுவானது நிரலில் கனமாகிவிடுகிறது. 'இலகுரகம்' என்று விளம்பரப்படுத்தும் எதையும், எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பிரசென்ட் 2012-இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையில் இடம்பெற்றது. அதன் 64 பிட் தொகுதிக்கு ஒரு கூரை உண்டு. ஒரே சாவியில் சுமார் 430 கோடி தொகுதிகள், அதாவது 32 ஜி.பி. கடந்தால், தொகுதிகள் தற்செயலாக ஒன்றுபோல அமையத் தொடங்கும். அங்கிருந்து ரகசியம் கசியும். டேக்குக்கு இது பொருட்டில்லை, ஆயுள் முழுக்க அது அவ்வளவு பேசாது. ரயில் ரேடியோவுக்குப் பொருட்டுதான். ஐரோப்பிய ரயில் சிக்னல் முறையில் செய்தி முத்திரைக்கு 64 பிட் தொகுதி கொண்ட பழைய டிரிபிள் டெஸ் முறையையே வைத்திருந்தார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், சாவியை மாற்றாமல் நெடுநாள் ஓட்டினால் முத்திரையைப் போலியாகச் செய்யும் வாய்ப்பு எப்படித் திறக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

புதிய தரநிலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2013-இல் சைமன், ஸ்பெக் என்று இரண்டை முன்வைத்தது. கணக்கில் பெரிய குறை எதையும் யாரும் காட்டவில்லை, ஆனாலும் வடிவமைப்புக்கான காரணங்களை அந்த அமைப்பு முழுதாகச் சொல்ல மறுத்ததால் 2018-இல் ஐ.எஸ்.ஓ.வின் இலகுரகத் தரநிலைக்குள் அவை நுழைய முடியாமல் போயின. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்.ஐ.எஸ்.டி. பொதுப்போட்டி அறிவித்தது. 57 முறைகள் வந்தன, 2021-இல் 10 மிஞ்சின. அந்தப் பத்தில் கிஃப்ட்–காஃப்ப், ஃபோட்டான்–பீட்டில் ஆகிய இரண்டின் ஆசிரியர் குழுக்களிலும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மிருதுல் நந்தியின் பெயர் இருக்கிறது. கிஃப்ட், பிரசென்ட்டின் குறைகளைச் சீர்செய்து பிறந்த தம்பி. 2023 பிப்ரவரியில் வென்றது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் தோன்றிய அஸ்கான். 2025 ஆகஸ்ட்டில் அது என்.ஐ.எஸ்.டி.யின் முறையான தரநிலையாக வெளியானது.

ஆக, எந்த முறை என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதை நிரலாகவோ சிப்பாகவோ செய்தவர் சரியாகச் செய்தாரா, அதை யார் எப்படிச் சோதித்தார் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. நம் ஊரில் டெண்டர் ஆவணங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. 'ஏ.இ.எஸ். 128 இருக்கிறதா? இருக்கிறது' என்று டிக் அடித்தால் வேலை முடிந்தது.

வழக்கமான சோதனை இது: உள்ளீட்டைக் கொடு, விடை ஏற்கெனவே தெரியும், ஒத்துப்போகிறதா பார். என்.ஐ.எஸ்.டி. போட்டிக்கு வந்த ஒவ்வொரு முறையும் 0 முதல் 32 பைட் வரையுள்ள செய்திகளையும், 0 முதல் 32 பைட் வரையுள்ள இணைப்புத் தகவல்களையும் சேர்த்து 33-ஐ 33-ஆல் பெருக்கி 1,089 விடைகள் தர வேண்டியிருந்தது. இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விடும்?

அட்டவணையில் ஒரு எண் தவறாக இருந்தால் உடனே பிடிக்கும். பிரசென்ட்டில் ஒரு சுற்றுக்கு 16 தேடல், 31 சுற்றுக்கு 496 தேடல். பதினாறு மதிப்புகளில் குறிப்பிட்ட ஒன்றை ஒருமுறை கூடத் தொடாமல் 496 தேடலும் முடிய வாய்ப்பு, கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணில் ஒரு பங்கு அளவுதான். ஒரே ஒரு சோதனை விடை போதும். ஆகவே 'எங்கள் நிரல் எல்லாச் சோதனையும் பாஸ்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், கணக்கின் நடுப்பகுதி சரி என்று நம்பலாம். தவறுகள் நடுவில் இருப்பது அபூர்வம், ஓரங்களில்தான் இருக்கும்.

அஸ்கான் தரநிலையில் ஒரு தொகுதி 16 பைட். 32 பைட் என்றால் சரியாக இரண்டு தொகுதி. மூன்றாம் தொகுதிக்கு மேல் எங்காவது பிழை இருந்தால் அந்த 1,089 சோதனைகளும் அதைப் பார்க்கவே பார்க்காது. இன்னொரு ஓரம், பைட்களின் வரிசை. போட்டியில் வென்ற அஸ்கான் பெரிய முனையிலிருந்து எண்ணியது. 2025 தரநிலை அதைச் சின்ன முனைக்குத் திருப்பிவிட்டது, தொடக்க மதிப்புகளையும் மாற்றிவிட்டது. 2023-இல் இணையத்தில் இறக்கிய நிரலும் தரநிலைப்படி எழுதிய நிரலும் 'அஸ்கான்' என்றே பெயர் சொல்லும், ஆனால் ஒன்றின் முத்திரையை மற்றொன்று ஏற்காது. ஒவ்வொன்றையும் அதனதன் விடைகளோடு தனியாகச் சோதித்தால் இரண்டும் பாஸ். கவச்சில் இப்படிப்பட்ட ஒத்துப்போகாமை வெறும் ஏட்டுச் சங்கதியல்ல. மேதா, எச்.பி.எல்., கெர்னெக்ஸ் என்று தொடக்கத்திலேயே மூன்று நிறுவனங்கள் கருவி செய்தன; ஒருவர் செய்த இன்ஜின் கருவி மற்றவர் செய்த நிலையக் கருவியோடு பேசியாக வேண்டும்.

இனி, எல்லா விடையும் சரியாக வந்தும் பூட்டு திறந்துகொள்ளும் இடம். வந்த முத்திரையையும் தான் கணக்கிட்ட முத்திரையையும் கருவி பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. முதல் பைட் ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. யாரும் இயல்பாக எழுதுவது அப்படித்தான். சி மொழியின் ஆயத்த ஒப்பீடும் அப்படித்தான். ஆனால் முதல் பைட் சரியாக இருந்தால் பதில் வரக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சி. 16 பைட்டுக்கு 4,096. உடைக்கப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது என்று சொல்லப்படும் 128 பிட் முத்திரை சில ஆயிரம் முயற்சிகளில் விழுகிறது. ரேடியோவில் நேரத்தை நுட்பமாக அளப்பது கடினம், ஒரே முயற்சியைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை 2007 வாக்கில் இந்த ஓட்டை வழியாகவே திறந்தார்கள். கண்டுபிடிக்க முறையான வழி, வேண்டுமென்றே கெட்ட முத்திரைகளைக் கொடுத்து நேரத்தை அளப்பது. சரியான உள்ளீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தும் சோதனையில் இது ஒருபோதும் வெளிப்படாது.

ஒருமுறை எண்ணிலும் இதே கதை. அஸ்கான் ஒவ்வொரு செய்திக்கும் புதிய எண் ஒன்றைக் கேட்கும். அதே சாவியில் அதே எண் இரண்டாம் முறை வந்தால் பாதுகாப்பு சரியும். சோதனை மேசையில் அந்த எண்ணைச் சோதிப்பவரே கொடுத்துவிடுகிறார். களத்தில் அதைக் கருவி தானாகவே உண்டாக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் எண்ணி வந்த கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? இதைப் பார்க்க அல்காரிதம் தெரிந்தவர் வேண்டியதில்லை, கருவியின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்கும் ஆள் ஒருவர் போதும். சோதனைப் பட்டியல்களில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். அபூர்வமாகவே கண்ணில் படும் வரியும் இதுதான்.

நிரலை ஆயிரம் உள்ளீடுகளுக்குப் பதில் எல்லா உள்ளீடுகளுக்கும் சரி என்று கணித ரீதியாக நிரூபிக்கவும் வழி உண்டு. அஸ்கானின் சிறு அட்டவணை 5 பிட் கொண்டது, மொத்தம் 32 உள்ளீடுகள். அனைத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். 320 பிட் கொண்ட முழு நிலையை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே தரநிலையின் கணித வடிவத்தையும் எழுதிய நிரலையும் சுற்றுச் சுற்றாக ஒப்பிட்டு, இரண்டும் வேறுபடும் உள்ளீடு ஒன்றுகூட இல்லை என்று மென்பொருளையே நிரூபிக்க வைக்கிறார்கள். கிரிப்டால், ஜாஸ்மின் போன்ற கருவிகள் இதற்காகவே பிறந்தவை.

நிரூபித்த நிரல் அப்படியே சிப்பில் ஓடுவதில்லை. நடுவில், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் கைபர் என்ற குவாண்டம் காலக் குறியாக்கத்தில் இது அம்பலமானது. ரகசியத்தைப் பொறுத்து நேரம் மாறாதபடி கவனமாக எழுதிய வரிகளை, கிளாங் கம்பைலர் வேகத்துக்காகத் திருத்தி, ரகசியத்தைப் பொறுத்துக் கிளை பிரியும் கட்டளையாக்கிவிட்டது. சில நிமிடங்களில் சாவியை மீட்டுக் காட்டினார்கள். மூல நிரலில் ஒரு எழுத்தும் தவறில்லை.

அதற்கும் கீழே மின்சாரம். பால் கோச்சரும் கூட்டாளிகளும் 1999-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சிப் உறிஞ்சும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்தே சாவியைப் படிக்கலாம் என்பது தெரிந்த சங்கதி. தண்டவாள ஓரத்துப் பெட்டியும் வேகன் டேக்கும் யார் கைக்கும் எட்டுபவை என்பதால் இது அங்கே முக்கியம். ஒவ்வொரு ரகசிய பிட்டையும் தாறுமாறான இரண்டு பங்குகளாகப் பிரித்துவைத்துக் கணக்கிடுவது ஒரு தற்காப்பு. அஸ்கானின் அட்டவணை எளிய பெருக்கல்களால் ஆனதால் இந்தப் பிரிப்பு அதற்கு மலிவாக முடிகிறது. ஆனால் ஒரு பங்கு இருந்த ரெஜிஸ்டரிலேயே அடுத்த பங்கை எழுதினால், இரண்டும் உரசும் கணத்தில் ரகசியம் மின்சாரத்தில் தெரிந்துவிடும். காகிதத்தில் நிரூபித்த பாதுகாப்பு சிப்பில் கசிகிறதா என்று அளந்தே பார்க்க வேண்டும். மாறாத உள்ளீட்டுக்கும் மாறும் உள்ளீட்டுக்கும் ஆயிரக்கணக்கான மின்னளவுகள் எடுத்து, இரண்டும் வேறுபடுகின்றனவா என்று புள்ளியியலின் டி–சோதனையால் பார்ப்பார்கள். மதிப்பு 4.5-ஐத் தாண்டினால் கசிவு என்று கொள்வது வழக்கம்.

இதற்கான ஆட்கள் தொலைவில் இல்லை. 2002-இல் அப்துல் கலாமின் யோசனையில் பிறந்த செட்ஸ் ஆய்வு நிறுவனம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. சக்தி செயலியைக் கட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் சிப் கசிவை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் தரச்சான்று அமைப்பான எஸ்.டி.கியூ.சி. வழியே, மற்ற நாடுகள் ஏற்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் தகுதியை இந்தியா 2013-இல் பெற்றது. குறைவது ஒன்றுதான்: சோதனை விடைகளையும், கெட்ட உள்ளீடுகளின் பட்டியலையும், தோற்ற சோதனைகளையும் வெளியிடும் பழக்கம். ரகசியமாக வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் மைஃபேர் கிளாசிக் கார்டின் கதையைப் படிக்கலாம். உலகின் பல நகரங்களின் பயண அட்டைகளில் இருந்த அதன் ரகசிய முறையை 2007-08-இல் சிப்பைச் சுரண்டிப் பார்த்தே வெளியே கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தது 48 பிட் சாவி.

வேகன் டேக்குக்குத் திரும்பினால், ஆயுள் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு சரக்கு வேகன் முப்பது ஆண்டுக்கு மேல் ஓடும். டேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. வரிசையில் இடம்பெற்ற பிரசென்ட் வடிவம் 80 பிட் சாவி கொண்டது. அந்த அளவு பாதுகாப்பை 2013-க்குப் பிறகு என்.ஐ.எஸ்.டி. ஏற்பதில்லை. இன்று ஒட்டும் டேக் 2050-களிலும் தன்னை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டுமானால், அதை மாற்றும் வேலையை வேகன்கள் பெரிய பராமரிப்புக்காகப் பட்டறைக்கு வரும் பி.ஓ.எச். அட்டவணையிலேயே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்: சக்கரம், பிரேக், கப்ளர், அடுத்து சாவி.